பரங்கிக்காய்க்குள் ஒரு பந்தல்

நெரவி,
20-1-82

அன்புள்ள தம்பி பஞ்சநாதனுக்கு,

அக்கா சொர்ணாம்பாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே நீயும் காசியம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நெரவியிலிருக்கிற எல்லாச் சாமியையும் வேண்டிக்கொள்கிறேன். என் முழங்காலை மட்டும் இந்தச் சுகத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அதைப்பற்றி எழுதினால் அது தனிக் கடிதம் ஆகிவிடும்.

உன் கார்டு நேற்று வந்தது. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "பெண்ணுக்குத் தாய்மாமனாகிய என்னைச் சமையற்காரனுக்குப் பின்னால் அடுப்படியில் நிறுத்தியிருப்பதாகக் கேள்வி. இதுதான் எனக்கு மரியாதையா? ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அத்தானிடம் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். தம்பி, நீ வர வேண்டாம். ஒரு காகிதப் பரங்கிக்காய்க்குள் நமக்கு எந்த இடம் என்று கேட்க நெய்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்தவன் என்ற பெயர் உனக்கு வேண்டாம். உள்ளூரிலிருந்தும் பூவத்திலிருந்தும் இதே கேள்வியோடு ஏற்கெனவே பதினெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலந்து என் கை ஓய்ந்துவிட்டது. பத்தொன்பதாவது ஆளாக என் தம்பியே வந்தால் நான் பாலுக்கு எங்கே போவேன்? அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள். வரிசையாக எழுதினால்தான் எனக்கே ஒரு பிடி கிடைக்கிறது.

உன் அத்தான் ஜூன் மாதம் ரிட்டையர் ஆனார். முப்பத்தைந்து வருஷம் மேஜையில் குனிந்து ரோட்டையும் பாலத்தையும் கோடு கோடாக வரைந்த மனுஷர். சும்மா இரு என்றால் எப்படி இருப்பார்? கிணற்றடியை அளந்தார், வாழைக்கொல்லையை அளந்தார், நான் படுத்திருக்கும்போது கட்டிலை அளந்தார். நவம்பர் ஒண்ணாம் தேதி, பிரெஞ்சுக்காரன் போன நாளென்று காரைக்காலில் ஊர்வலம் வருமே, அதற்கு ஒரு அலங்கார வண்டி வேண்டும், விளைச்சல் பெருகியதைக் காட்ட வேண்டும், உங்கள் கைதான் கை என்று தெரிந்தவர் ஒருவர் வந்து கேட்டார். இவர் மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டி, அதன்மேல் பழைய பேப்பரையும் புளியங்கொட்டைப் பசையையும் பத்துப் பன்னிரண்டு அடுக்கு ஒட்டி, காவி மஞ்சள் அடித்து ஒரு பரங்கிக்காய் செய்தார். உயரம் என் மார்பு வரைக்கும். சுற்றளவு மூணு பேர் கைகோத்து நிற்கலாம். ஊர்வலத்தில் கலெக்டர் கூட திரும்பிப் பார்த்தாராம். ஊர்வலம் முடிந்ததும் எல்லாரும் அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பரங்கிக்காய்க்கு மட்டும் போக இடமில்லை, மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்தால் கூழாகிவிடும் என்று இவர் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றித் தார்ப்பாயைப் போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வாசற்படி மூணடி, காய் நாலடி. நான் அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் மூங்கில் அப்போது பச்சை. இவரும் ஹமீதும் கதவைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் அமுக்கி, முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள, பிரசவம் பார்க்கிற மாதிரி உள்ளே கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். ஹமீதை உனக்குத் தெரியும், கடைத்தெருவில் நோட்டுப் புஸ்தகமும் கலர் காகிதமும் விற்கிறவர், உன் அத்தானோடு ஒண்ணாம் கிளாஸிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது மூங்கில் காய்ந்து இரும்பாகிவிட்டது. இனி எப்படி வெளியே போகும் என்று கேட்டேன். சுவரை இடித்தால் போகும் என்கிறார். அன்றிலிருந்து நான் அடுக்களையிலிருந்து வாசலுக்குப் போக வேண்டுமென்றால் அதைப் பிரதட்சணம் செய்துதான் போகிறேன்.

பசை வாசனைக்குக் கரப்பான் வந்தது. உள்ளே புகை போட வேண்டும் என்று பக்கவாட்டில் ஒரு ஆள் தலையும் தோளும் நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. காலை மட்டும் பார்த்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். கடைசியில் உள்ளிருந்து குரல் வந்தது: "சொர்ணம், உள்ள நம்ம கூடத்தவிட எடம் தாராளமா இருக்கு." அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

உள்ளே பொம்மைப் பந்தல் போடப்போகிறேன் என்று அடிக்கு அரை அங்குலம் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். மனுஷன் என்றால் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் உயரம். வயலிலிருந்து களிமண் வந்தது. என் கோரைப்பாயைக் கிழித்துப் பந்தலுக்குக் கீற்று வேய்ந்தார். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி உருவி, இப்போது துடைப்பம் என்று நான் கையில் பிடித்திருப்பது வெறும் கட்டு. ஊசி மருந்துக் குப்பியின் தகர மூடிகள் அண்டாவும் தவலையும் ஆயின. நூல்கண்டுக் கட்டை தவில், தீர்ந்துபோன பேனா ரீஃபில் நாயனம். வாசலில் குலையோடு இரண்டு வாழைமரம், அதில் எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு குலையிலும் ஒன்பது சீப்பு. டார்ச் பல்பை மாலை மாலையாகக் கோத்து பாட்டரியில் மாட்டி விளக்கு போட்டார். பந்தியில் அறுபது இலை, இலைக்கு நுனி இடது பக்கம் வர வேண்டுமென்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து, சோற்றுக்கு என் கசகசாவையும் பருப்புக்குக் கேசரித் தூளையும் போட்டார். மறுநாளே எறும்பு மூன்று வரிசையாக வந்து பந்தியைக் காலி செய்துவிட்டுப் போனது. மருந்துப் பொடி போடலாம் என்று நான் எடுத்துவந்தால், ஆட்கள் சாப்பிடுகிற இடத்தில் விஷமா போடுவாய் என்று கோபித்துக்கொள்கிறார். மண் பெண்டுகளுக்குப் புடைவை வேண்டுமென்று என் அரக்குப் பட்டின் கரையை வெட்டியதை நான் கார்த்திகைக்குக் கட்ட எடுத்தபோதுதான் பார்த்தேன். அதைப்பற்றி இங்கே எழுதமாட்டேன்.

இதெல்லாம் ஏதோ கோயில் திருவிழா என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஒருநாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். இவர் அடுக்களை வாசலில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "மணவறையில பொண்ணோட அம்மா எந்தப் பக்கமா நிப்பாங்க?" என்று கேட்டார். எனக்குக் கை ஓடவில்லை, தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பெண் அல்லி பாண்டிச்சேரியில் கூட வேலை பார்க்கிற தியாகராசனை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு கடிதம் போட்டாள். பையன் நம்மவர் இல்லை. இவர் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இந்த வீட்டில் அவள் பேரை யாரும் சொல்லக் கூடாது என்றார். யாரும் சொல்லவில்லை. நான் ஹமீது கடை விலாசத்துக்கு அவளை எழுதச் சொல்லி, நோட்டு வாங்கப் போகிற சாக்கில் போய் வாங்கிப் படித்துவிட்டு வருவேன். உனக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும், மனசில் வைத்துக்கொள். அப்படிப்பட்ட மனுஷர் என்னிடம் பெண்ணின் அம்மா எந்தப் பக்கம் என்று கேட்கிறார். வலது பக்கம் என்றேன். சரி என்று போய்விட்டார். நான் அரிசியை இன்னொரு தரம் களைந்தேன், அதற்குப் பிறகும் ஒரு தரம் களைந்தேன். அன்றைக்குச் சோறு நன்றாக இல்லை என்று சொன்னார்.

அதற்குப் பிறகு என் கஷ்டகாலம் ஆரம்பித்தது. என் நாத்தனார் குஞ்சம்மா பூவத்திலிருந்து விளக்கெண்ணெய் கொண்டுவந்தவர், இது என்ன என்று ஜன்னலில் தலையை விட்டார். இவர் பெருமையில் இது இன்னார் இது இன்னார் என்று காட்டிக்கொடுத்துவிட்டார். தப்பு அங்கேதான். நாத்தனார் தலையை வெளியே எடுத்ததும் என்னிடம்தான் திரும்பினார். "பொண்ணுக்கு அத்தை நான். என்னைக் கொண்டுபோயி மூணாவது வரிசையில, தூணுக்குப் பின்னாடி ஒக்கார வெச்சிருக்கான் பாரு உன் புருஷன்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைத் தொடாமல் போனார். போனவர் வாயை மூடிக்கொண்டா போவார்? மறுநாள் பங்காளி செல்லையன் வந்தார். தன்னைச் செருப்பு கழற்றுகிற இடத்தில் வைத்திருப்பதாக அவர் குறை. அவர் பொம்மையை நகர்த்தினால், பக்கத்தில் முத்தையன். இரண்டு பேருக்கும் வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் ஏழு வருஷமாகப் பேச்சில்லை. முத்தையன் பக்கத்தில் நான் உட்கார மாட்டேன் என்று செல்லையன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவர் பொறுமையாக, முள் எடுக்கிற சாமணத்தால் இரண்டு பேரையும் எடுத்து, நடுவில் ஒரு நாயனக்காரரைக் கொண்டுவந்து வைத்தார். தன்னை ஏன் செய்யவில்லை என்று நாலு பேர் வந்தார்கள். தன் வழுக்கையைக் காட்டியிருக்க வேண்டாம் என்று ஒருவர். பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு ஹமீதை நிறுத்தியிருந்தார். உறவுக்காரன் நிற்க வேண்டிய இடமாயிற்றே என்று செல்லையன் முணுமுணுத்ததற்கு, "பத்திரிகை வெக்காட்டியும் வர்றவன் அவன் ஒருத்தன்தான்" என்று இவர் சொன்னார். நிஜக் கல்யாணத்தில் மூன்று நாள் படுகிற பாட்டை நான் மார்கழி முழுக்கப் பட்டேன்.

இப்போது உன் விஷயம். உன்னை முதலில் மணவறைக்குப் பக்கத்தில், கையில் மாலையோடு, பட்டு வேட்டி கட்டித்தான் நிறுத்தியிருந்தார். ஒரு பல்லி உள்ளே போய் உன்மேல் ஏறி உன் வலது கை முறிந்துவிட்டது. ஒட்டிக் காய வைக்கவேண்டும், காற்றுப் படாத இடம் சமையல்கட்டுதான் என்று அங்கே சாய்த்து வைத்திருந்தார். நாத்தனார் இரண்டாவது தரம் பார்க்க வந்தது அந்தச் சமயத்தில். அவர் மகன் உன்னோடு வேலை பார்ப்பதால் செய்தி உன் காதுக்கு வந்துவிட்டது. உன்னை யாரும் அவமானப்படுத்தவில்லை, தம்பி. நீ காய்ந்துகொண்டிருந்தாய், அவ்வளவுதான்.

எல்லாரையும் உட்கார வைத்தாயிற்று. மணவறை மட்டும் காலி. வருகிறவர்கள் பார்ப்பார்கள், பொண்ணும் மாப்பிள்ளையும் எங்கே என்று வாய்வரைக்கும் வரும், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் இவரைக் கேட்கவில்லை. பொங்கல் வந்தது. கரும்பு வெட்டிப் போட்டேன், இரண்டு பேர் தின்ன எவ்வளவு வேண்டும்?

காணும் பொங்கலன்று, சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். நான் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் வழக்கம்போல் இடுப்புவரை பரங்கிக்காய்க்குள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து பார்த்தால், வாசற்கதவை ஒட்டி என் அல்லி நிற்கிறாள். கையில் பை. இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்து, பேசாதே என்று உதட்டில் விரலை வைத்தாள். பரங்கிக்காய் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பையன் முட்டிபோட்டு உட்கார்ந்து இவர் இடுப்போரமாக ஜன்னல் இடுக்கில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஹமீது சொல்லித்தான் வந்தார்களாம், பிறகு தெரிந்தது. உள்ளே நுழைந்த காலடிச் சத்தத்துக்கு இவர் ஹமீது என்றே நினைத்து, "வந்துட்டியா, டார்ச்சப் புடிடா" என்றிருக்கிறார். அந்தப் பையனும் வாங்கிப் பிடித்துக்கொண்டான். அரை மணி நேரமாக "இடப்பக்கம் காட்டுடா", "அந்தச் சாமணத்தக் குடுடா", "என்னாடா இன்னிக்கு உனக்கு வாயே இல்ல" என்று நடந்துகொண்டிருக்கிறது. நான் பாத்திரத்தைக் கீழே வைக்கவும் இல்லை, தூக்கிக்கொண்டு போகவும் இல்லை.

அப்புறம் இவர் சொன்னார்: "எல்லாரையும் ஒக்கார வெச்சுட்டேன் ஹமீது. அந்தப் புள்ள மூஞ்சியத்தான் நான் பாத்ததில்ல. பாக்காம எப்புடிடா செய்யிறது?"

டார்ச் வெளிச்சம் ஆடியது. அந்தப் பையன் மெதுவாக, "வெளில வந்து பாத்துக்குங்க மாமா" என்றான்.

இவர் உடனே வரவில்லை, தம்பி. பந்தல் விளக்கு மட்டும் ஒருதரம் அணைந்து எரிந்தது, கை பட்டிருக்கும். பிறகு தலை இடித்துக்கொண்டு வந்தார். முடியெல்லாம் காகிதத் துணுக்கு, கையெல்லாம் பசை. எதிரே மாப்பிள்ளை எழுந்து நிற்கிறான், டார்ச்சை அணைக்கத் தோன்றாமல் கையில் பிடித்துக்கொண்டே. இரண்டு வருஷமாக இந்த நிமிஷத்தை நினைத்து நான் பயந்ததும் அழுததும் சாமிக்குத்தான் தெரியும். இவர் அந்தப் பிள்ளையை உச்சந்தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். காதைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். பாலத்துக்கு இடம் பார்க்கிற மாதிரி. பிறகு சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, "ஒசரம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"அஞ்சடி எட்டுங்க."

"அந்தச் செவுத்தோட ஒட்டி நில்லுங்க, பாப்போம்."

அவன் நின்றான். அளந்தார், அவன் சொன்னது சரிதான். எனக்கு வாய் தாங்கவில்லை, அல்லியைக் கையைக் காட்டி, இவளையும் அளந்துக்குங்களேன் என்றேன். அவள் பக்கம் திரும்பாமலே, பசைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அவ ஒசரம் எனக்குத் தெரியும்" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். மாப்பிள்ளைதான் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். சாப்பிடும்போது இவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார், டா போட்டுப் பேசினதை மனசில வெச்சுக்காதீங்க என்று. அதற்கு மாப்பிள்ளை, பரவாயில்லைங்க மாமா, அப்பா இருந்தவரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார் என்றார். இவர் மோரை ஊற்றிக்கொண்டு குனிந்துகொண்டார்.

மறுநாள் அவர்கள் வேலைக்குத் திரும்பிப் போனார்கள். திங்களும் செவ்வாயும் இவர் இரண்டு பொம்மைகளைச் செய்தார். மாப்பிள்ளை அப்படியே இருக்கிறார். அல்லிக்குப் பின்னல் போட என் தலைமுடி நாலு கேட்டார், கொடுத்தேன். நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேரையும் மணவறையில் உட்கார வைத்து விளக்கைப் போட்டுக் காட்டினார். உன் கையும் ஒட்டிவிட்டது, நீ மாலையோடு பக்கத்தில்தான் நிற்கிறாய். நான் வலப்பக்கம் நிற்கிறேன், நிஜத்தைவிட இளைப்பாக.

ஆகவே தம்பி, எல்லாம் முடிந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்துவிட்டது, எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது, இனி யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். நீ வர வேண்டாம். வேறு யாரும் வர வேண்டாம். நாளையிலிருந்து வாசற்கதவைச் சாத்திவிட்டு பத்து நாள் படுத்துக்கொள்ளப் போகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, காப்பி என்ற வார்த்தையே காதில் விழாமல் கிடக்க வேண்டும். அதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

காசியம்மாவுக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளின் தலையில் கை வைத்து அத்தை வாழ்த்தினாள் என்று சொல். நீயும் கோபத்தை விட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நூறு வருஷம் இரு.

இப்படிக்கு,
உன் அக்கா
சொர்ணாம்பாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் நாத்தனார் குஞ்சம்மா வந்துவிட்டார். ஜன்னலில் தலையை விட்டு மணவறையை வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தம்பியை, அதாவது இவரை, பிடித்துக்கொண்டார். "மண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுட்டா ஆச்சா? நான் அத்தை, எனக்கு எலை போட்டுச் சோறு போடு. அந்தப் புள்ளைங்களக் கூப்புட்டு ஊரறிய உக்கார வெய்யி" என்றார். இவர் எழுந்து வாசலுக்குப் போய் நிஜப் பந்தலுக்கு அடி எண்ணி அளக்க ஆரம்பித்துவிட்டார். ஏற்கெனவே ரிஜிஸ்தர் ஆனவர்களுக்கு மறுபடி தாலி கட்டினால் சட்டம் ஏதும் சொல்லுமா என்று நான் கேட்டதற்கு, சாப்பாடு போட்டால் சட்டமும் வந்து சாப்பிடும் என்கிறார் அதற்குள் வந்துவிட்ட ஹமீது. தை பத்தொன்பது, திங்கட்கிழமை, ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தந்தி போய்விட்டது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம், முக்கியமாக வர வேண்டாம் என்று எழுதியதை, அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நாலு நாள் முன்னதாகவே கிளம்பி வா. தனியாக வராதே, காசியம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. இருநூறு பேருக்குத் தேங்காய் துருவ வேண்டும்.